அம்மாச்சி கையால் ஒரு டம்ளர் பழக்கூழ்



போன மாதம் வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி, கடன் தவணை எழுதி முடித்த நேரம். மூத்த உறுப்பினர் ஒருவர் மடியில் மூன்றரை வயதுப் பேரன். கையில் மாம்பழப் படம் போட்ட பாக்கெட். ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தனைங்கம்மா வாங்கிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டோம்.

"ரெண்டு ஆகிரும்மா. இவங்க ஆத்தா மில்லுக்குப் போயிருது. இவன் அழுதா எனக்குத் தாங்காது" என்றார்.

ஒரு பாக்கெட் 10 ரூபாய். நாளைக்கு இரண்டு என்றால் மாதம் 600 ரூபாய். அந்த அம்மா குழுவில் கட்டும் மாதச் சேமிப்பு 200 ரூபாய். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: "அங்கன்வாடியில இவனுக்கு ரத்தம் கம்மினு சொன்னாங்கம்மா. மருந்தும் குடுத்திருக்காங்க. மகளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

இந்தக் கவலை அவருக்கு மட்டும் உள்ளதல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. மகளும் மருமகளும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளை வளர்ப்பது நாம்தான். அதனால் இந்த மாதப் பாடம் பாட்டிமார்களுக்கு.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

அடுத்த முறை கடையில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழம் எத்தனை சதவீதம், சர்க்கரை எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். 5 கிராம் சர்க்கரை என்பது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். முன்பக்கம் முழு மாம்பழம் இருக்கும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். அது வயிற்றை நிரப்பிவிடும். பிள்ளை சோற்றைத் தள்ளிவிடும். பல்லும் சொத்தையாகும்.

டீத்தண்ணியும் வர்க்கியும் கொடுத்துப் பழக்குவதும் இதே மாதிரிதான். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை டீ தடுக்கிறது.

ஜூஸ் வேண்டாம், கூழாகக் கொடுப்போம்

நாம் சொல்வது வடிகட்டிய ஜூஸ் அல்ல. வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். பழத்தையும் வேகவைத்த காயையும் சேர்த்து அரைத்து, அப்படியே கூழாகக் கொடுக்க வேண்டும். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த மிக்ஸி பல வீடுகளில் சட்னிக்கு மட்டும் ஓடுகிறது. அது போதும். மிக்ஸி இல்லாவிட்டால் பழுத்த பப்பாளியை மத்தால் கடைந்தாலே கூழாகிவிடும்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மூன்று வகை:

1. பப்பாளிக் கூழ்: நன்கு பழுத்த பப்பாளி நான்கு துண்டு, பாதி வாழைப்பழம், காய்ச்சி ஆறிய பால் அரை டம்ளர். அரைத்தவுடன் குடிக்க வேண்டும். வைத்திருந்தால் பப்பாளியும் பாலும் சேர்ந்து கசந்துவிடும். பப்பாளியில் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்து இருக்கிறது.

2. கேரட் கொய்யாக் கூழ்: ஒரு சின்ன கேரட்டை வேகவைத்து, பழுத்த கொய்யா பாதியுடன் அரைக்கவும். கொய்யாவின் விதைப் பகுதியை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். ஆயக்குடி கொய்யா சீசனில் நமக்கு மலிவாகக் கிடைக்கிறதே!

3. முருங்கைக் கூழ்: இளம் முருங்கைக்கீரையை அலசி இரண்டு நிமிடம் வேகவைத்து ஒரு ஸ்பூன் எடுங்கள். ஊறவைத்த பேரீச்சம்பழம் இரண்டு, வாழைப்பழம் பாதி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர். இதில் பால் சேர்க்க வேண்டாம். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட, எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி துணை செய்யும். பால் அதைக் குறைக்கும்.

சர்க்கரை எதிலும் வேண்டாம். பழத்தின் இனிப்பே போதும். பீட்ரூட் துண்டு ஒன்று சேர்த்தால் நிறம் அழகாக இருக்கும். மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது பீட்ரூட் நிறம்.

பிள்ளை குடிக்கணுமே?

அந்த அம்மா மறுநாளே செய்து பார்த்தார். ஆனால் பேரனுக்குத் தெரியாமல் கீரையை மறைத்துப் போட்டு, "மாம்பழ ஜூஸ்டா" என்று கொடுத்துவிட்டார். ஒரு வாய் குடித்தான், துப்பினான். அதற்குப் பிறகு இரண்டு நாள் வெறும் வாழைப்பழத்தைக்கூட சந்தேகமாகப் பார்த்தானாம். "பொய் சொல்லிட்டேன்ல, அதான் நம்ப மாட்டேங்கிறான்" என்று அவரே சிரித்தார்.

அவரிடம் நாங்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

* மறைக்காதீர்கள். கீரையை உருவவும், பழத்தைப் போடவும், மிக்ஸி மூடியைப் பிடிக்கவும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சும் பிளேடும் உங்கள் பொறுப்பு.
* முதலில் பிள்ளைக்குப் பிடித்த பழம் அதிகம், காய் கொஞ்சம். வாரம் ஒருமுறை காயைச் சிறிது கூட்டுங்கள்.
* நீங்களும் ஒரு டம்ளர் குடியுங்கள். அம்மாச்சி குடிக்காததைப் பேரன் ஏன் குடிக்கணும்?
* வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டாம். ஒரு புது ருசி பழக எட்டு, பத்து தடவைகூட ஆகலாம்.
* "இதைக் குடிச்சா பாக்கெட் வாங்கித் தர்றேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அப்புறம் பாக்கெட்தான் பரிசு, கூழ் தண்டனை ஆகிவிடும்.

கூட்டத்தில் வந்த கேள்விகள்

கொய்யா, வாழைப்பழம் கொடுத்தால் சளி பிடிக்காதா? சளி கிருமியால் வருகிறது, பழத்தால் வருவதில்லை. ஐஸ் போடாமல் சாதாரணமாகக் கொடுங்கள்.

எந்த நேரம், எவ்வளவு? நாளைக்கு ஒரு சின்ன டம்ளர். சாப்பாட்டுக்கு முட்டுக்கட்டையாக இல்லாமல் சாயங்காலம் கொடுக்கலாம். சோறு, பருப்பு, முட்டைக்குப் பதில் இது ஆகாது. மென்று தின்னும் பழமும் வேண்டும்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் பழத்தை நன்றாக மசித்து ஸ்பூனில் கொடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

கூழ் குடித்தால் ரத்தசோகை மருந்தை நிறுத்தலாமா? கூடாது. சுகாதார நிலையத்தில் கொடுத்த டானிக்கைச் சொன்னபடி கொடுத்து முடிக்க வேண்டும். பூச்சி மாத்திரையும், அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் தவற விடாதீர்கள்.

இந்த மாதம் குழுவில் செய்ய வேண்டியது

1. ஒவ்வொருவரும் ஒரு வாரம் பாக்கெட் தீனி, பாக்கெட் ஜூஸ் செலவை எழுதி வாருங்கள். சேமிப்புத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.
2. ஒரு கூட்டத்தில் பேரப்பிள்ளைகளையும் அழைத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு வகைக் கூழ் செய்யுங்கள்.
3. வீட்டோரம் இடம் இருப்பவர்கள் ஒரு பப்பாளிக் கன்றும் ஒரு முருங்கைப் போத்தும் நட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

இந்த வாரம் அந்த அம்மாவைப் பார்த்தோம். பேரன் முருங்கைக் கூழுக்கு "கிளி ஜூஸ்" என்று பேர் வைத்திருக்கிறானாம். சந்தை அன்றைக்குக் கடை வாசலில் இன்னும் பாக்கெட் கேட்டு அழத்தான் செய்கிறான். "ஆனா தினமும் ரெண்டு வாங்கின இடத்துல இப்போ வாரத்துக்கு ஒண்ணும்மா" என்றார். ராத்திரி மகள் வந்ததும், "அம்மா, நான்தான் கீரை உருவுனேன்" என்று அவன் சொன்னதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பேரப்பிள்ளை மேல் நமக்குள்ள பாசத்தைப் பாக்கெட்டில் அடைக்க வேண்டாம், உறுப்பினர்களே. நம் கையாலேயே டம்ளரில் ஊற்றிக் கொடுப்போம்.