விளம்பரம் என அறிவிக்கும் கடமை

செய்தித்தாளில் வரும் விளம்பரத்தை வாசகர் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வார். சமூக ஊடகத்தில் ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே ஒரு முகப்பூச்சைப் புகழும்போது, அது சொந்த அனுபவமா, கூலிக்குக் கூறப்பட்டதா என்பது விளங்குவதில்லை. நண்பரின் சொல்லென நம்பிப் பொருள் இழப்பவர் நுகர்வோரே.

இக்குறையை நீக்க, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2022 ஜூன் 9 அன்று நெறிமுறைகள் அறிவிக்கப்பட்டன. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை விளக்கக் கையேடு ஒன்றையும் வெளியிட்டது.

பெற்ற பணத்தை மட்டுமன்றி, இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி, உறவு, வேலைத் தொடர்பு ஆகியவற்றையும் வெளிப்படுத்தல் வேண்டும். அறிவிப்பு, விளம்பரத்தின் மொழியிலேயே அமைய வேண்டும். நிழற்படமாயின் அதன் மீதே பொறிக்க வேண்டும். காணொளியாயின் ஒலியிலும் காட்சியிலும் இடம்பெற வேண்டும். நேரலையாயின் தொடர்ந்து தெரிய வேண்டும். குறிச்சொற்களின் கூட்டத்தில் அதைக் கலந்துவிடலாகாது.

மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், தவறு தொடர்ந்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். பரிந்துரைப்பவரை ஓராண்டு வரை விலக்கியும் வைக்கலாம். விளம்பரக் கூற்றின் உண்மையை உரிய கவனத்துடன் ஆராய்ந்தவருக்கு இத்தண்டனை இல்லை.

கேட்பவர் ஊகித்தறிய வேண்டிய நிலையை மாற்றி, அறிவிக்கும் பொறுப்பைப் பேசுபவர் மீது சுமத்துவதே இவ்விதிகளின் சாரமாகும்.