1-உம் 1.0-உம் ஒன்றா?

கே: பைத்தான் டிக்ஷனரியில் 1, 1.0, ட்ரூ என்று மூன்று சாவிகளைப் போட்டேன். எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே போயின?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ப: எங்கும் போகவில்லை. மூன்றும் சமம் என்பது பைத்தானின் சட்டம். சமமானவற்றுக்கு ஒரே இடம்தான். சாவியாக முதலில் வந்த 1 நிற்கும். மதிப்பாகக் கடைசியில் போட்டது நிற்கும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதைக் கேட்பார்கள், நினைவில் வையுங்கள்.

கே: ஜாவாவில் மேப்பை அச்சிட்டால் 5 என்ற சாவி கண்ணுக்குத் தெரிகிறது. கெட் செய்தால் நல் வருகிறது. இரண்டு நாளாகப் பைத்தியம் பிடிக்கிறது.
– வாசகர், சென்னை

ப: சாவி லாங், நீங்கள் தேடுவது இன்டிஜர். 5-க்குப் பின்னால் ‘எல்’ போடுங்கள்.

கே: ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடைக்கு ஜாவாவில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். விலைவாரியாகத் தொகுத்தால் தக்காளிக்கு 42 என்று ஒரு வரி, 42.0 என்று ஒரு வரி, 42.00 என்று ஒரு வரி. முதலாளி என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: பயப்படாதீர்கள், காசு எங்கும் போகவில்லை. மூன்று வரியையும் கூட்டிக் காட்டுங்கள், முதலாளி அடங்கிவிடுவார். பிக்டெசிமலின் ஈக்வல்ஸ் மதிப்போடு சேர்த்து, புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதையும் பார்க்கும். கம்பேர்டு மதிப்பை மட்டுமே பார்க்கும். ஹாஷ்மேப் முன்னதைக் கேட்டு நடக்கிறது, ட்ரீமேப் பின்னதைக் கேட்டு நடக்கிறது. இதே விலைகளை ட்ரீமேப்பில் போட்டால் ஒரே வரிதான் வரும். ஒரே எண்ணுக்கு ஒரே மொழிக்குள் இரண்டு நீதி! அதற்காக ட்ரீமேப்புக்கு ஓட வேண்டாம். விலை உள்ளே நுழையும் இடத்திலேயே ஸ்கேலை இரண்டாக்கிவிடுங்கள். நானாக இருந்தால் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைத்துக்கொள்வேன்.

கே: எங்கள் ஊர் பூண்டி, கொடைக்கானல் மேல்மலை. மலைப்பூண்டை மூட்டை மூட்டையாக எடை போட்டு வடுகபட்டி மண்டிக்கு அனுப்புகிறோம். இங்கே போட்ட எடையையும் மண்டிச் சீட்டில் வரும் எடையையும் ஒத்துப் பார்க்க பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு தராசும் கொஞ்சம் முன்பின் காட்டும் என்பதால், வித்தியாசம் 100 கிராமுக்குள் இருந்தால் இரண்டு எடையும் சமம் என்று ஈக்யூ எழுதினேன். உடனே ‘அன்ஹாஷபிள்’ என்று பைத்தான் மறுத்தது. எடையை ஒரு தசமத்துக்கு ரவுண்டு செய்து ஹாஷும் எழுதிவிட்டேன். இப்போது சில மூட்டை சிக்குகிறது, சில சிக்குவதில்லை. ஹாஷை எப்படித் திருத்துவது?
– இளைஞர், பூண்டி

ப: திருத்த முடியாது, தம்பி. கோளாறு ஹாஷில் இல்லை, உங்கள் ‘சமம்’தான் கோளாறு.

இங்கே 40.24 கிலோ, மண்டியில் 40.26 கிலோ என்று வையுங்கள். 20 கிராம் வித்தியாசம், உங்கள் கணக்கில் சமம். ரவுண்டு செய்தால் ஒன்று 40.2, மற்றது 40.3. ஹாஷ் வேறாகிவிட்டது. டிக்ஷனரி முதலில் பார்ப்பது ஹாஷை. அது ஒத்துப்போகாவிட்டால் ஈக்யூவைக் கூப்பிடவே கூப்பிடாது. சமம் என்று சொல்ல உங்கள் கிளாஸ் தயாராக நிற்கிறது, கேட்க ஆள் வருவதில்லை. சரி, முழுக் கிலோவுக்கு ரவுண்டு செய்யலாமே என்பீர்கள். அப்போது 40.49-உம் 40.51-உம் பிரியும். எல்லைக்கோடு இடம் மாறுமே தவிர ஒழியாது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. 40.00-உம் 40.08-உம் சமம். 40.08-உம் 40.16-உம் சமம். ஆனால் 40.00-உம் 40.16-உம் சமமில்லை. இப்படிப்பட்ட ஒன்றைச் சமம் என்று எப்படிச் சொல்வது? சமமானவற்றுக்கு ஹாஷ் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்பது மாற்ற முடியாத விதி. அந்த விதிப்படி 80 கிராம் 80 கிராமாக ஏறிக்கொண்டே போங்கள். கால் கிலோப் பொட்டலத்தில் தொடங்கி ஒரு டன் வரை போய்விடலாம், வழியில் எங்கும் ஹாஷ் மாறக் கூடாது. அதாவது உலகத்திலுள்ள எல்லா எடைக்கும் ஒரே ஹாஷ். எழுதலாம், பைத்தான் தடுக்காது. ஆனால் டிக்ஷனரி வெறும் லிஸ்ட் வேகத்துக்கு இறங்கிவிடும். அப்போதும் 40.08-ஐத் தேடினால் உங்கள் கைக்கு வருவது 40.00 மூட்டையா 40.16 மூட்டையா என்பது நீங்கள் எதை முதலில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தத் தவறை மாதாமாதம் யாராவது எழுதி அனுப்புகிறார்கள். எடைக்குப் பதிலாக வெப்பநிலை, ஜிபிஎஸ் புள்ளி, மதிப்பெண் சராசரி, அவ்வளவுதான் வேறுபாடு.

‘அன்ஹாஷபிள்’ என்று பைத்தான் சொன்னபோதே நின்றிருக்க வேண்டும். ஈக்யூவை மட்டும் எழுதினால் ஹாஷை அது வேண்டுமென்றேதான் பிடுங்கிக்கொள்கிறது: சமத்தை நீ மாற்றினாய், ஹாஷுக்கும் நீயே பொறுப்பு என்று அர்த்தம். ரஸ்ட் மொழி இன்னும் கறார். அதன் ஹாஷ்மேப்பில் ஃப்ளோட்டை நேரடியாகச் சாவியாகப் போட்டால் கம்பைலே ஆகாது.

செய்ய வேண்டியது இது. கடைக்குப் போய் ஒரு மார்க்கர் பேனா வாங்குங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் எண் எழுதுங்கள், அதே எண்ணை மண்டிச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். அந்த எண்தான் சாவி. எடையைக் கிராமாக்கி முழு எண்ணாக, சாவிக்கு எதிரே வையுங்கள். மூட்டை மூட்டையாகப் பொருந்திய பிறகு, வித்தியாசம் 100 கிராமுக்குள்ளா என்று பார்க்கத் தனியாக ஒரு ஃபங்ஷன் போதும். அதற்குக் ‘கிட்டத்தட்ட’ என்று பெயர் வையுங்கள், ஈக்யூ என்று வைக்காதீர்கள். பூண்டு காயக் காய எடை குறையும், அது எல்லோருக்கும் தெரியும். குறைந்தது ஈரமா, வழியில் யாராவது கை வைத்தார்களா என்று அப்போதுதான் மூட்டையைச் சுட்டிக் கேட்க முடியும்.

கே: நிலப் பட்டியலில் சர்வே எண் 12/1-ஐயும் 12/10-ஐயும் கணினி ஒன்றாக்கிவிட்டது. எக்செல்லில் சாய்கோடு போட்டால் தேதியாகிறது என்று 12.1, 12.10 என அடித்திருந்தேன்.
– வாசகர், மன்னவனூர்

ப: இரண்டு நிலத்தையும் ஒருவர் பெயரில் எழுதிவிட்டுக் கணினியைக் குறை சொல்லாதீர்கள். சர்வே எண்ணைக் கூட்டப்போகிறீர்களா, பெருக்கப்போகிறீர்களா? இல்லையே. அது எழுத்து. கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு 12/10 என்றே அடியுங்கள். செல்போன் எண், பின்கோடு, ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றுக்கும் இதேதான். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

கே: பைத்தானில் 0.5, டெசிமல் 0.5, பிராக்ஷன் 1/2 மூன்றுக்கும் ஹாஷ் ஒன்றாகவே வருகிறது. உள்ளே வெவ்வேறு வடிவத்தில் இருப்பவை எப்படி ஒத்துப்போகின்றன?
– பொறியாளர், கோவை

ப: நல்ல கேள்வி, வாழ்க. 64 பிட் கணினியில் 2-இன் 61-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். அது பகா எண். 1883-இல் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் நிறுவியது. எந்தப் பின்னமானாலும், தொகுதியைப் பகுதியின் தலைகீழியால் அந்தப் பகா எண்ணின் மட்டில் பெருக்கி வரும் மீதிதான் ஹாஷ். 2-இன் தலைகீழி அங்கே 2-இன் 60-ஆம் அடுக்கு. எனவே அரைக்கு 1152921504606846976. இது எண்ணின் மதிப்பை மட்டும் கேட்கும் சூத்திரம். எந்த டைப்பில் வந்தாய் என்று கேட்பதில்லை. பைத்தான் 3.2 முதல் இந்த ஏற்பாடு. பகா எண்ணே பகுதியை வகுத்தால் தலைகீழி இல்லையே என்று அடுத்த கடிதம் போடுவீர்கள்: அப்போது முடிவிலியின் ஹாஷைக் கொடுத்துவிடுகிறது. அது 314159, அதாவது பையின் முதல் ஆறு இலக்கம். எழுதியவர்களின் குறும்பு.

ஒன்று கவனியுங்கள். 0.1-க்கு இந்தப் பொருத்தம் இல்லை. ஃப்ளோட் 0.1 உண்மையில் பத்தில் ஒன்று அல்ல, அதற்கு மிக அருகிலுள்ள இரும எண். டெசிமல் 0.1 பத்தில் ஒன்றேதான். இரண்டும் சமமில்லை என்று பைத்தான் சொல்வது சரி.

கே: சர்வரில் 9007199254740993 என்ற ஐடி, பிரவுசருக்கு வந்தால் 2-இல் முடிகிறது.
– வாசகர், சிங்கப்பூர்

ப: ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் ஒவ்வொரு முழு எண்ணையும் தாங்காது. ஐடியை எழுத்துச் சரமாக அனுப்புங்கள். மன்னவனூர்க்காரருக்கு எழுதியதையும் படியுங்கள்.

கே: மழைமானிக் கணக்கில் விடுபட்ட நாட்களுக்கு நேன் வருகிறது. அவற்றை ஒரே சாவியாகத் தொகுக்க முடியவில்லை, புதிது புதிதாகச் சேர்ந்துகொண்டே போகிறது. பைத்தான் 3.11.
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

ப: நேன் தனக்கே சமமில்லை, அதனால்தான். முன்பு எல்லா நேனுக்கும் ஹாஷ் பூஜ்யம்; ஆயிரக்கணக்கான நேன்கள் ஒரே இடத்தில் குவிந்து புரோகிராம் ஊர்ந்தது. 3.10-இலிருந்து ஒவ்வொரு நேன் ஆப்ஜெக்டுக்கும் தனி ஹாஷ். வேகம் வந்தது, தொகுப்பது அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. படிக்கும்போதே நேனை நன் என்று மாற்றிவிடுங்கள், ஒரே சாவியில் அடங்கும். பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி, டீச்சர். மற்றவர்களும் மொழியின் பெயரையும் பதிப்பையும் எழுதிவிட்டுக் கேள்வியைத் தொடங்குங்கள். திரையைச் செல்போனில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம்.