கேசட் வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

வீட்டில் பழைய மினி டிவி கேசட் இருக்கா? (இங்கே டிவி என்றால் டிஜிட்டல் வீடியோ, தொலைக்காட்சி இல்லை!) 1995-ல் வந்தது. நாடா வருஷம் ஆக ஆகக் கெடும். அதை ஓட்டுற கேமராவும் இப்போ புதுசா வர்றதில்லை.

முதலில் கேசட் ஓரத்துச் சின்னத் தாழை ‘சேவ்’ பக்கம் தள்ளுங்க. இல்லேன்னா கை தவறினா மேலேயே பதிவாகிடும். சார்ஜரை மாட்டி, கேமராவை ‘ப்ளே’ நிலையில் வைத்து, ஃபயர்வயர் கேபிளால் இணைக்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அதற்கான துளை இருக்காது. பழையதுதான் நல்லது.

சட்டுனு காப்பி ஆகாது, நாடா முழுசா ஓடணும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம், சுமார் 13 ஜி.பி. இடம்.

எங்க அத்தை கல்யாணக் கேசட்டில் தாத்தா மூணு நிமிஷம் பேசுறார். அவர் குரல் வேறெங்கும் இல்லை. அந்தத் துண்டை மட்டும் பென்டிரைவிலும் போட்டு வெச்சிருக்கோம்.