இசை எல்லார்க்கும் பொதுமொழியோ?

இசைக்கு மொழி வேண்டா, அஃது உலகப் பொதுமொழி என்பர். மேடைகளிற் பலகாலும் கேட்கும் இக்கூற்று முழு உண்மைதானா என்பதை மருதனார்மடத்தார் ஆராய்தல் பொருத்தமே. 1960ஆம் ஆண்டில் இராமநாதன் இசைக் கல்லூரி தோன்றி, 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்த ஊர் இது. மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் அதிபராயிருந்து கற்பித்த இடமும் அக்கல்லூரியே.

முதற்கண் நம் கலியாண வீட்டை நோக்குவோம். கெட்டிமேளம் முழங்கியவுடன் அடுக்களையில் நிற்பவரும் தாலி ஏறிற்று என அறிவர். அபசகுன ஒலி எதுவும் செவியில் விழாதிருத்தற்பொருட்டே அம்முழக்கம். வேற்று நாட்டார்க்கோ அது திடீரென எழுந்த பேரொலி. சாவீட்டுப் பறையும் அவ்வாறே. அதன் நடை விறுவிறுப்பானது. அறியாதவன் தாளமிட்டு ஆடவுங்கூடும். நமக்கோ அடிவயிறு கலங்கும்.

சுரங்களை எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலை. மோகனத்தின் ஐந்து சுரங்கள் சீனத்திலும் ஸ்கொத்லாந்திலும் நாட்டுப் பாடல்களில் வழங்குவன. சங்கராபரணத்தின் ஏழும் ஐரோப்பியரின் மேஜர் வரிசையை ஒத்தவை. இவ்வொற்றுமையாலன்றோ முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைக்க முடிந்தது! ஆங்கில அரச கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. ஆயினும் மோகனம் ஐந்து சுரம் மட்டுமன்று. கமகமும் பிடியும் கூடியது. அவற்றை அறியாதார் சுரத்தைக் கேட்பரேயன்றி இராகத்தைக் கேளார். 1971 ஆகஸ்டு 1ஆம் திகதி நியூயோர்க்கில் ரவிசங்கர் குழுவினர் சுருதி கூட்டி முடித்ததற்கே அவையோர் கைதட்டினர்! அவர்தம் அன்பு மெய்யே; இராகம் இன்னும் தொடங்கவில்லை.

எனின், இசை எதனையுமே கடத்தாதோ? அவ்வாறும் கூறுதற்கில்லை. இந்துஸ்தானி இசை அறியாத மேனாட்டாரிடம் போல்க்வில், தொம்சன் என்னும் இருவர் நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. மகிழ்ச்சி, துயரம், சினம் ஆகியவற்றை இராகங்களில் அவர்கள் இனங்கண்டனர். சாந்தத்தை அங்ஙனம் காணவில்லை. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 60 நாடுகளைச் சேர்ந்தோர் தாம் முன்னறியாத சமூகங்களின் பாடல்களைக் கேட்டுத் தாலாட்டையும் ஆடற்பாட்டையும் எளிதிற் கண்டுகொண்டனர், காதற்பாட்டிலேதான் தடுமாறினர். வேகம், தணிவு, தாளத்தின் அழுத்தம் இவை உடலோடு பேசுவன; அவற்றுக்கு ஆசான் வேண்டா. அவற்றின் மேலே நிற்பவற்றுக்கு வேண்டும்.

கனடாவிற் பிறந்த பேரப்பிள்ளை கெட்டிமேளத்துக்குக் காதைப் பொத்துகின்றது எனக் குறைபடும் பழைய மாணவர் உளர். பிள்ளையின் செவியிற் பழுதில்லை. அருகிலிருந்து, "தாலி கட்டுகிறார்கள், அதற்காகத்தான்" என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.