வளைவில் மட்டும் எரியும் லைட்

அன்பின் தம்பிக்கு,

கட்டுகஸ்தோட்டை கராஜிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. 2015 டொயோட்டா விட்ஸ் ஒன்று வந்திருக்கிறது, வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் லைட் எரிகிறது, ஸ்கேனரில் சி 0205 கோட் வருகிறது, சென்சரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குக் கழற்றாதே.

முதலில் அந்த லைட்டைச் சரியாகப் பார். ஓடும்போது சில கணம் மின்னி அணைந்தால், டயர் வழுக்கியது, சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். அணையாமல் எரிந்தால் அமைப்பு தன்னை நிறுத்திக்கொண்டுவிட்டது. சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் வளைவில் கார் சறுக்கினால் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. மழை நாளில் கடுகண்ணாவ இறக்கத்திலோ, மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலோ வரும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஸ்டீயரிங் கோணத்தையும் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் வைத்து, கார் இப்போது எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணினி கணக்குப் போடுகிறது. உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை யோ சென்சர் சொல்கிறது. இரண்டும் ஒத்துவராவிட்டால் தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கிறது. பின்பக்கம் சறுக்கினால் வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு. முன்பக்கம் திரும்பாமல் நேரே போனால் உட்பக்கப் பின்சக்கரத்துக்கு. 1995இல் மெர்சிடிஸ் காரில் வந்த இந்த ஏற்பாடு, 1997இல் சுவீடனில் நடந்த ஒரு சோதனையில் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்த பிறகு அந்தச் சிறிய காருக்கும் பொருத்தப்பட்டது. ஜப்பான் 2012 ஒக்டோபரிலிருந்து புதிய மாதிரிக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நமக்கு வந்த ரீகண்டிஷன் கார்கள் பலவற்றில் இது இருப்பது அதனால்தான். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மறுபடி திறந்தது. அதற்குள் அந்தக் கார்களுக்கு வயதாகிவிட்டது, வயர்களுக்கும்தான்.

சி 0205 என்பது இடது முன்சக்கரத்தின் வேகத் தகவல் ஒழுங்காக வரவில்லை என்ற முறைப்பாடு. தகவல் எங்கே அறுந்தது என்று அது சொல்லாது. சென்சர், கனெக்டர், வயர், பேரிங்கின் காந்த வளையம், இந்த நாலில் எதுவாகவும் இருக்கலாம். இதற்கு முன் சக்கர வேலை ஏதாவது நடந்ததா என்று உரிமையாளரிடம் கேள். புது பேரிங்கின் காந்தப் பக்கத்தை வெளியே வைத்து அடித்திருந்தால் எத்தனை சென்சர் மாற்றினாலும் லைட் அணையாது.

பெட்டரி வோல்டேஜையும் டயர்களையும் பார்த்த பிறகே ஸ்கேனரை நம்பு. 165/70 ஆர்14 டயர்களுக்கு நடுவே 175/70 ஆர்14 ஒன்று இருந்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் கூட. மற்றவை 40 கிலோமீற்றர் காட்டும்போது அது 39 காட்டும். அந்த வித்தியாசம் எந்த வேகத்திலும் அதே விகிதத்தில் இருக்கும். சென்சர் கோளாறு அப்படி இருக்காது. மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரம் திடீரென்று பூச்சியத்துக்கு விழும், பிறகு எழும். பேராதனைப் பக்கம் அதிகாலையில் வீதி வெறுமையாக இருக்கும்போது, வேறொருவரை ஓட்டச் சொல்லி நீ ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் எண்களையும் பார். ஓட்டிக்கொண்டே பார்க்காதே.

எண்கள் ஒழுங்காக இருந்தும் வாடிக்கையாளர் "வளைவில்தான் எரியுது" என்றால், அவர் சொல்வதை நம்பு. முன்சக்கரத்தின் வயர் ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி நீள்கிறது. நம் மலைவீதியில் அது எத்தனை தடவை என்று யோசித்துப் பார். மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்; நேரே நிற்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், முழுவதும் திருப்பினால் விலகும். காரை ஜக்கில் தூக்கித் தாங்கி வைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பு. ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்தைக் கையால் சுற்றி, வயரை மெல்ல இழுத்து அசைத்து, ஸ்கேனரைக் கவனி. இந்தச் சக்கர வேக சென்சரை மீற்றரில் ஓம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. உள்ளே மின்சுற்று இருப்பதால் அந்த அளவீடு ஏமாற்றும். கனெக்டருக்கு வோல்டேஜ் வருகிறதா என்று பார்.

இஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்து, டொயோட்டாவில் சி 1201 வந்தால் பிரேக் பக்கம் போகவே வேண்டாம். பழுது இஞ்சினில், அது சரியானால் இதுவும் அணையும்.

இன்னொன்று, கண்டியில் வேலை செய்பவனுக்கு மிக முக்கியமானது. சி 1210 வந்தால் யோ சென்சரின் பூச்சிய நிலையைச் சமதளத்தில் வைத்துப் புதிதாகப் பதிய வேண்டும். நம் கராஜ் முற்றங்கள் எத்தனை சமதளத்தில் இருக்கின்றன? 3 பாகை சாய்ந்த இடத்தில் பதிந்தால், நிற்கும் காரையே புவியீர்ப்பு செக்கனுக்கு செக்கன் அரை மீற்றர் வீதம் இழுப்பதாக, யோ சென்சருடன் சேர்த்துப் பதியப்படும் முடுக்க சென்சர் உணரும். அந்தச் சாய்வையே கணினி நேர்நிலை என்று எடுத்துக்கொள்ளும். மட்டப்பலகை வைத்துப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடு. பதியும்போது யாரும் காரில் சாயக்கூடாது, ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும்.

கோட்டை அழித்து, லைட் அணைந்ததும் பணம் வாங்கி அனுப்பும் பழக்கத்தை யார் கற்றுத் தந்தாலும் கற்காதே. அது மனிதரை ஏமாற்றி வளைவுக்கு அனுப்புவது. அழிக்கும் முன் கோட்டை எழுதி வை. வேலை முடிந்ததும் வளைவுள்ள வீதியில் ஓட்டிப் பார்த்து மறுபடி ஸ்கேன் செய். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய ஏபிஎஸ் யூனிட் மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். அது மற்ற எல்லாம் பார்த்து முடித்த பிறகு யோசிக்க வேண்டியது. ஹைபிரிட் அக்குவா வந்தால் இன்னும் கவனம். கதவைத் திறந்தாலே அதன் பிரேக் பம்ப் ஓடத் தொடங்கும். பிரேக் கட்டுப்பாட்டை ஸ்கேனரால் நிறுத்தாமல் கேலிப்பரில் கை வைக்காதே.

விட்ஸின் நான்கு வேகங்களையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்