பிரபஞ்சம் ஏகவினமானதா? – ஒரு கருதுகோளைச் சோதித்தல்

ஒரு கருதுகோள் ஓர் அவதானத்துடன் பொருந்திவிட்டால் அது நிரூபிக்கப்பட்டதாகுமா? "ஆம்" என எழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர். பின்வரும் உதாரணத்தை ஊன்றிப் படியுங்கள்.

1. பிரச்சினை
1929 இல் எட்வின் ஹபிள், தொலைவு கூடக்கூட கலக்சிகள் கூடிய வேகத்தில் விலகிச் செல்வதைக் காட்டினார். 1998 இல் இரு ஆய்வுக் குழுக்கள், தொலைவிலுள்ள சுப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதை அவதானித்தன. விரிவின் வேகம் அதிகரித்து வருகின்றது என முடிவு செய்யப்பட்டது. இதற்குக் காரணமாகக் கருதப்படுவது கருஞ்சக்தி.

2. மாற்று விளக்கம்
உப்புக் கரைசல் ஏகவினமானது; மணல் கலந்த நீர் பல்லினமானது. மேற்படி முடிவு, பிரபஞ்சம் பெருமளவில் ஏகவினமானது என்னும் எடுகோளில் தங்கியுள்ளது. அது பிழையாயின்? லெமைத்ர் (1933), டோல்மன் (1934), பொண்டி (1947) ஆகியோர் ஆராய்ந்த மாதிரியுருவில் இதற்கு இடமுண்டு.

நாம் சடப்பொருள் குறைந்த பாரிய பிரதேசமொன்றின் மையத்தருகே இருப்பதாகக் கொள்வோம். இங்கு ஈர்ப்பு குறைவு. ஆகவே விரிவு வேகம் அதிகம். தொலைவில் அவ்வேகம் குறைவு. தொலைவைப் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பதாகும். எனவே "அங்கே மெதுவாக, இங்கே வேகமாக" என்பது "அன்று மெதுவாக, இன்று வேகமாக" என்பதுபோல் தோன்றும். கருஞ்சக்தி தேவையில்லை!

3. சோதனை
இரு விளக்கங்களும் சுப்பர்நோவா அவதானத்துடன் பொருந்துகின்றன. ஆகவே இரண்டும் வேறுபடும் எதிர்வுகூறல் ஒன்று வேண்டும். மாற்று விளக்கம் சரியாயின், தொலைவிலுள்ள கலக்சிக் கொத்துகள் பிரபஞ்சப் பின்னணி நுண்ணலைக் கதிர்ப்பு சார்பாகப் பெருவேகத்துடன் அசைய வேண்டும். அவ்வசைவு அக்கதிர்ப்பின் வெப்பநிலையில் சிறு மாற்றத்தை ஏற்படுத்தும். பிளாங்க் விண்கலத் தரவுகளைக் கொண்டு 2014 இல் வெளியான ஆய்வில் அத்தகைய பெருவேகம் காணப்படவில்லை. பாரிய வெற்றிட மாதிரியுரு கைவிடப்பட்டது.

கவனிக்க: கலக்சிகள், வெற்றிடங்கள் எனச் சிறிய அளவில் பிரபஞ்சம் பல்லினமானதே. நிராகரிக்கப்பட்டது, கருஞ்சக்திக்குப் பதிலாகக் கூறப்பட்ட பாரிய வெற்றிடமே.

மாதிரி வினா
"மாற்று விளக்கம் பிழைத்தது, ஆகவே கருஞ்சக்தி நிரூபிக்கப்பட்டது." இக்கூற்று சரியா?

விடை: தவறு. போட்டிக் கருதுகோள் ஒன்று நீக்கப்பட்டதால் கருஞ்சக்திக் கருதுகோள் வலுப்பெற்றது. ஆயினும் கருஞ்சக்தியின் இயல்பு இன்னும் அறியப்படவில்லை. "வலுப்பெற்றது" என்ற சொல்லை விடையில் தவறாது எழுதுக.