மலைக் காட்டின் கல்லும் களியும்

எங்கள் ஊரின் பெயரிலேயே மணல் இருக்கிறது. கிழக்கே திருவொற்றியூர், எண்ணூர் என்று போனால் கடற்கரை மணல். ஊருக்குள்ளோ ஏரிக் களி. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆதலால் மண்ணில் இந்த இரண்டு வகையையும் நாங்கள் பிறந்தது முதல் அறிவோம். மலை மண்ணை எங்களில் பலர் பார்த்தது சமையலறையில்தான். ஊட்டி உருளைக்கிழங்கின் தோலில் ஒட்டியிருக்கும் அந்தச் செம்பழுப்பு மண்ணுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம் என்று எங்கள் தாய்மார் முணுமுணுப்பது உண்டு.

சமூக அறிவியல் பாடத்தில் மலை மண்ணைப் பற்றிச் சில வரிகளே வருகின்றன. அவை எங்களுக்குப் போதவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. அவளுடைய பாட்டி குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் வசிக்கிறார். வீட்டின் பின்புறம் செங்குத்தாக வெட்டப்பட்ட மண் மேடு. மழைக்காலம் வந்தாலே தோழிக்குப் பாடம் ஓடாது. "எங்க ஏரிக் களி எவ்வளவு கெட்டி, அது போலத்தானே இருக்கும், ஏன் பயப்படுகிறாய்?" என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். அது எவ்வளவு தவறான ஆறுதல் என்பது பிறகுதான் விளங்கிற்று.

விடுமுறையில் அவள் அந்த மேட்டிலிருந்து உதிர்ந்த மண்ணில் ஒரு பை நிறையக் கொண்டு வந்தாள். அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர் முதலில் அதைச் சலிக்கச் சொன்னார். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் சரளை எனப்படும். 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்களே களி. அந்தப் பையில் கால் பங்குக்கு மேல் கல்லாகவே சல்லடையில் நின்றது. சலித்த மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலிலும், எண்ணூர் மணலை ஒன்றிலும், ஏரிக் களியை ஒன்றிலும் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். மணல் உடனே படிந்தது. ஏரிக் களி மறுநாள் காலையிலும் கலங்கியே இருந்தது. குன்னூர் மண்ணோ சிறிது நேரத்திற்குள் பெரும்பாலும் அடியில் தங்கிவிட்டது. நாங்களும் 'இது மணல் வகை' என்று நோட்டில் எழுதிவிட்டோம்.

சிஸ்டர் சிரித்துவிட்டு, "பிள்ளைகளா, அதைக் கொஞ்சம் எடுத்து ஈரத்தோடு விரலில் நன்றாகத் தேயுங்கள்" என்றார். தேய்க்கத் தேய்க்க நொறுநொறுவென்றிருந்த மண் மாவு போல இளகி, கயிறு போல உருட்டவும் வந்தது. அது களியேதான்! நோட்டில் எழுதியதை அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

இதன் விளக்கம் சுவையானது. மலைச் சிவப்பு மண்ணில் உள்ள களித் துகள்களை இரும்புத் துரு பசை போல ஒட்டிச் சிறு சிறு மணிகளாகக் கட்டி வைத்திருக்கிறது. மணிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தண்ணீர் தாராளமாக இறங்குகிறது. ஏரிக் களி அப்படியன்று. நீரைக் குடித்து உப்பி, வழியை அடைத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பகுதியில் நாள்கணக்கில் வெள்ளம் நின்றதை நாம் மறக்க முடியாது. தாழ்ந்த நிலமும் அடைபட்ட வடிகாலும் அதற்குக் காரணம் என்றாலும், அடியிலிருந்த மண்ணும் அந்த நீரை உறிஞ்சிக் கொள்ளவில்லை. 'களிமண் என்றால் தண்ணீர் இறங்காது' என்பது நம் ஊர்க் களிக்குப் பொருந்தும். மலைக் களிக்குப் பொருந்தாது.

சரி, கல் எங்கிருந்து வந்தது? இதை அறிய நாம் நீலகிரிக்குப் போக வேண்டியதில்லை; பரங்கிமலைக்குப் போனால் போதும். புனித தோமையாரின் பெயரால் நாம் அறிந்த அந்தக் குன்றும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே. அதனால்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நில இயல் அறிஞர் 1893இல் இப்பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார். நீலகிரியின் பெரும்பகுதியும் இதே பாறைதான். பரங்கிமலைப் படிகளில் ஏறியவர்கள் நீலகிரியின் எலும்பைத் தொட்டவர்கள் என்றே சொல்லலாம்.

மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, ஆண்டு ஆயிரமாயிரமாக அதைக் கரைக்கிறது. பாறையிலுள்ள பெல்ட்ஸ்பார் களியாகிறது. இரும்பு துருவாகிச் சிவப்பு நிறம் தருகிறது. வெடிப்பின் ஓரங்கள் முதலில் அழுகுவதால் நடுப்பகுதி வெங்காயம் போலத் தோல் உரிந்து, உருண்டைக் கல்லாக மிஞ்சுகிறது. மலைப் பாதையில் பேருந்தில் செல்லும்போது வெட்டிய கரைகளில், செம்மண்ணுக்குள் பதித்து வைத்தாற்போல் உருண்டைப் பாறைகள் தெரியுமே, அவை இவைதாம். யாரோ உருட்டிக் கொண்டுவந்து வைத்தவை அல்ல. மண்ணாக மாறாமல் எஞ்சியவை.

கடந்த சனவரியில் எங்கள் வகுப்பு நீலகிரிக்குச் சுற்றுலா சென்றது. வனத்துறை வண்டியில் அவலாஞ்சி சோலைக்காட்டைக் கண்டோம். விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உப்புத் தூவியது போல உறைபனி. ஒருத்தி அதை நக்கிப் பார்த்து, "உப்பில்லை" என்று அறிவித்தாள். ஆனால் பத்தடி தள்ளிச் சோலைக்குள் உறைபனியே இல்லை. மரங்களின் நெருக்கமான கூரை, தரையின் வெப்பம் இரவில் வெளியேறாமல் காக்கிறது. திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளை உறைபனி கருக்கிவிடுவதால்தான் மேடுகளில் புல்லும், மடிப்புகளில் காடுமாக மலை பிரிந்திருக்கிறது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

சோலைக்குள் கால் வைத்தால் மெத்தையில் வைத்தது போல் அமிழ்கிறது. மேலே இலைச் சருகு, அதன் கீழ் காப்பித் தூள் போலக் கறுத்த மண், அதற்கும் கீழே சிவப்பு. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்வதால் உதிர்ந்த இலை எளிதில் மக்கி மறைவதில்லை. மக்கியதும் மண்ணிலுள்ள அலுமினியத்தோடும் இரும்போடும் பிணைந்து நெடுங்காலம் தங்கிவிடுகிறது. எரிமலைச் சாம்பல் மண்ணுக்கே உரியவை என்று எண்ணப்பட்டு வந்த சில இயல்புகள், எரிமலையே இல்லாத நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் இருப்பதாக 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. இம்மண் புளிப்பானது, பி.எச். 5 அளவில் இருக்கும். தேயிலைக்கு அது பிடிக்கும். உருளைக்கிழங்கு பயிரிடுவோர் சுண்ணாம்பு இட்டு அதைத் தணிக்கிறார்கள்.

ஊட்டி நகரில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழை நம் சென்னையில் பெய்வதைவிட அதிகமில்லை என்று அறிந்து வியந்தோம். ஆயினும் சோலையின் ஓடைகள் கோடையிலும் ஓடுகின்றன. பஞ்சு போன்ற கறுப்பு மண் மழையை வாங்கி, மணி மணியான சிவப்புக் களிக்குக் கொடுத்து, அது கல் இடுக்குகள் வழியே சிறிது சிறிதாக விடுகிறது. பைக்காராவும் பவானியும் அப்படித்தான் பிழைக்கின்றன.

இனி அந்தப் பின்புற மேட்டுக்கு வருவோம். சிவப்பு மண்ணுக்கு அடியில், பாதி அழுகிய பாறை வெளிறிய களியாக நிற்கும். காய்ந்திருக்கும்போது சுவர் போல உறுதி, நனைந்தால் சோப்பு. மேல் மண் நீரைத் தாராளமாக இறக்கும் என்றோமே, அந்த நற்குணமே இங்கு ஆபத்தாகிறது. தொடர் மழையில் நீர் அடிக் களி வரை இறங்கித் தேங்கி, அதன் பிடியைத் தளர்த்துகிறது. காட்டில் வேர்கள் கல்லையும் மண்ணையும் சேர்த்துக் கட்டியிருக்கின்றன; சரிவின் அடியும் வெட்டப்படாமல் இருக்கிறது. பாதைக்காகவும் வீட்டுக்காகவும் அடியைச் செங்குத்தாக வெட்டினால், மேலே உள்ள பாரத்தைத் தாங்குவது எது? மண் மட்டும் வந்தால் சேறு. உருண்டைக் கற்களும் சேர்ந்து வருவதால் அது வீட்டை இடித்துக்கொண்டு போகிறது.

1978, 1979 ஆகிய ஆண்டுகளில் நீலகிரி பல சரிவுகளைக் கண்டது. 1993 நவம்பர் 11 அன்று மரப்பாலம் அருகே மலைப்பாதையையும் இரயில் பாதையையும் மண் கொண்டுபோயிற்று. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் லயன் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேரை மலை மூடிற்று. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். லயன் வீடு என்ற சொல்லை அந்தச் செய்தியில் வாசித்தபோது எங்கள் தோழி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டாள்.

காடு இருந்தால் சரிவே வராது என்று சொல்லவும் முடியாது. அவலாஞ்சி என்ற பெயரே முன்னொரு காலத்தில் அங்கே நேர்ந்த பெரும் சரிவால் வந்தது என்பர். 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் அங்கு 911 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னை ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கும் மேல் அது. அவ்வளவு மழைக்கு எந்த மண்ணும் ஈடுகொடுக்காது. தேயிலைச் செடியை மட்டும் குறை சொல்வதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் படித்தவரையில், செடியைவிட அடிவாரத்தை வெட்டிய மண்வெட்டியும், நீர் போகும் ஓடையை அடைத்துக் கட்டிய சுவருமே பெரிய குற்றவாளிகள்.

பாட்டிக்கு இந்த விவரங்களை எல்லாம் தோழி தொலைபேசியில் சொன்னாள். அவர் பள்ளிக்குச் சென்றதில்லை. ஆனால் அவருக்கு வேறொரு பாடம் தெரிந்திருந்தது. மேட்டை ஒட்டிய தடுப்புச் சுவரில் நீர் கசிவதற்கு வைத்த துளைகள் உண்டு. மழை இரவுகளில் அவர் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பாராம். தண்ணீர் தெளிவாக வந்தால் வந்து படுத்துக்கொள்வார். கலங்கி வந்தாலோ, மழை பெய்தும் திடீரென்று நின்றுபோனாலோ, பக்கத்து வீடுகளையும் எழுப்பிக்கொண்டு மேலே உள்ள ஆலயத்துக்குப் போய்விடுவார். இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறாராம்.

இப்போது மழைக்காலத்தில் இரு வீட்டுக்கும் இடையே தினமும் பேச்சு நடக்கிறது. "உங்க தெருவிலே தண்ணி வடிஞ்சுதா?" என்று பாட்டி கேட்பார். "உங்க சுவத்திலே தண்ணி தெளிவா வருதா?" என்று இவள் கேட்பாள்.